லினக்ஸ் கணினியில் வைஃபை டொங்கிள் வேலை செய்யவில்லையா? காசு செலவழிக்க முதல் இதைப் பாருங்கள்

ஒட்டுசுட்டான் தாண்டி உள்ளே எங்கள் வீடு. ஏஎல் படிக்கும் தங்கச்சியின் மகளுக்காகப் பாவித்த டெஸ்க்டொப் ஒன்று வாங்கினோம். பழைய கணினி என்பதால் விண்டோஸ் இழுபட்டது. அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், நன்றாக ஓடியது. இணையம் மட்டும் இல்லை. டெஸ்க்டொப்பில் வைஃபை கிடையாது; ரவுட்டரோ சிக்னல் விழும் ஒரே இடமான முன் விறாந்தை யன்னலில் இருக்கிறது. வவுனியாவில் 1,650 ரூபாய்க்கு ஒரு டொங்கிள், அதாவது யூஎஸ்பியில் செருகி வைஃபை எடுக்கும் சின்னச் சாதனம், வாங்கி வந்து செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அதிலிருந்து மூன்று கிழமை போனது. வவுனியாவுக்கு இரண்டு தரம் பஸ், கண்டபடி தரவிறக்கியதில் ஒரு மாத டேட்டா, கடைசியில் ஒரு தரம் முழு லினக்ஸையும் அழித்து மீண்டும் போட்டது. உண்மையான திருத்தத்துக்கு எடுத்தது நாற்பது நிமிடம், அதுவும் பெரும்பகுதி தரவிறங்கக் காத்திருந்த நேரம். பிள்ளைக்கு அந்த மூன்று கிழமையும் பாட வேலை நின்றது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். படிகளைச் செலவில்லாததிலிருந்து செலவுள்ளது நோக்கி அடுக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘சூடோ’ (எஸ், யூ, டி, ஓ) என்று தொடங்கும் கட்டளை, கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது எழுத்து திரையில் தெரியாது, சில லினக்ஸ்களில் நட்சத்திரக் குறிகூட வராது. பயப்படாமல் தட்டி என்ரரை அழுத்துங்கள்.

1. மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

டொங்கிள் வாங்கிய பில், அதன் பெட்டி, ஒரு அன்ட்ரொய்ட் போன், அந்தப் போனின் டேட்டா கேபிள், ஒரு கொப்பியும் பேனையும், ரவுட்டரின் கடவுச்சொல். பெட்டியை எறிந்துவிடாதீர்கள். அதில் மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் ‘வேர்ஷன்’ என்று சிறிதாக ஒரு இலக்கம் இருக்கும். டொங்கிளின் முதுகிலும் இருக்கும். போனால் படம் எடுத்து வையுங்கள். கடையில் மாற்றுவதாக இருந்தால் பெட்டியும் பில்லும் இல்லாமல் கதைக்க முடியாது.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான கேபிள்கள் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவைக் கடத்தாது. கேபிளில் போனைக் கணினியுடன் இணைத்து, போனில் ‘ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்’ என்பதைத் தெரிந்து, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்காவிட்டால் வேறு கேபிள் தேடுங்கள். இது தெரியாமல் நான் ஒரு பின்னேரம் முழுவதும் போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. செருகும் இடமும் மின்சாரமும்

டொங்கிளைக் கணினியின் முன்பக்கத்தில் செருகியிருந்தால் கழற்றிப் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். பாவித்த கணினிகளின் முன் போர்ட்டுகள் தளர்ந்திருக்கும், உள் வயர் தேய்ந்து போதிய மின்சாரம் கொடுக்காமலும் இருக்கும்.

அடுத்தது, நம் பக்கத்தில் மிக முக்கியமானது. கரண்ட் போய் வந்த பிறகு டொங்கிள் உறைந்து நிற்கலாம். கணினியை நிறுத்தி மீண்டும் போட்டாலும் அது மாறாது, ஏனென்றால் பல கணினிகளில் கணினி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். கணினியை நிறுத்தி, சுவர் பிளக்கையே கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பக்கத்து வீட்டு அண்ணையின் டொங்கிள் ‘செத்துவிட்டது’ என்று கொண்டுவந்தபோது இதை மட்டும்தான் செய்தேன், வேலை செய்தது.

கரண்ட் போய் வந்தால் திகதியையும் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சின்னப் பற்றரி செத்திருந்தால் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழையென்றால் பாதுகாப்பான இணையத் தளங்கள் திறக்காது, மென்பொருள் புதுப்பிப்பும் பிழை காட்டும். நீங்கள் டொங்கிளில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். வட்டமான அந்தப் பற்றரியின் எண் சிஆர்2032. பெரிய விலையில்லை, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

3. போனை வைத்து இணையம் எடுங்கள்

திருத்துவதற்கு இணையம் வேண்டும், இணையம் இல்லாததுதான் பிரச்சினை. இந்த இடத்தில்தான் நான் வவுனியாவுக்கு ஓடினேன். ஓடத் தேவையில்லை.

போனைக் கேபிளில் கணினியுடன் இணையுங்கள். போனின் அமைப்புகளில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குள் ‘யூஎஸ்பி டெதரிங்’ இருக்கும். அதைப் போடுங்கள். சில விநாடியில் லினக்ஸ் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். ட்ரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், எதுவும் தனியாகப் போடத் தேவையில்லை.

டேட்டாக் காசுதான் கவலையென்றால், போனை முதலில் வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு டெதரிங் போடுங்கள். பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்கள் வைஃபையில் வரும் இணையத்தையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும். சிம் டேட்டா கரையாது. அதாவது உங்கள் போனே ஒரு வைஃபை டொங்கிள். திருத்தம் முடியும்வரை பிள்ளை இப்படியே படிக்கட்டும். இது முதல் நாளே எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று கிழமை வீணாகியிருக்காது. ஐபோன் இப்படிச் செய்யாது, அது சிம் டேட்டாவைத்தான் கொடுக்கும்.

உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா இருந்தால் பெரிய தரவிறக்கங்களை அந்த நேரத்துக்கு வையுங்கள்.

4. பெட்டியில் உள்ள பெயரை விடுங்கள், சிப்பின் எண்ணைப் பாருங்கள்

டொங்கிளை அடையாளம் காட்டுவது அதற்குள் இருக்கும் சிப். ஒரே பெயர், ஒரே பெட்டி, உள்ளே வேறு சிப் என்பது இந்தச் சாமானில் வழமை. நன்கு தெரிந்த உதாரணம்: ரிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் முதலாம் வேர்ஷனில் அதரோஸ் சிப், இரண்டாம் வேர்ஷனிலிருந்து ரியல்டெக் சிப். ஒன்றுக்கு எழுதிய குறிப்பு மற்றதுக்கு உதவாது.

கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று தட்டுங்கள்: எல், எஸ், யூ, எஸ், பி, ஐந்தும் இடைவெளி இல்லாமல். யூஎஸ்பியில் இருக்கும் எல்லாம் வரிசையாக வரும். எது டொங்கிள் என்று விளங்காவிட்டால் அதைக் கழற்றி மீண்டும் தட்டுங்கள். காணாமல் போன வரிதான் அது. அந்த வரியில் ‘ஐடி’க்குப் பிறகு நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று இருக்கும். கொப்பியில் எழுதுங்கள். சைபரையும் ஓவையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். இந்த எண்ணில் ஓ என்ற எழுத்தே வராது.

அடிக்கடி காணும் சில: 148எஃப்:7601 மீடியாடெக் எம்ரி7601யூ. 148எஃப்:5370 ராலிங்க் ஆர்ரி5370. 0சிஎஃப்3:9271 அதரோஸ் ஏஆர்9271. இந்த மூன்றில் ஒன்று வந்தால் நிம்மதி. இவற்றின் ட்ரைவர் லினக்ஸுக்குள்ளேயே பல வருடமாக இருக்கிறது. நேராக 8 ஆம் படிக்குப் போங்கள். 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக். அதில்தான் பெரும்பாலானோர் மாட்டுகிறோம்.

வரியே வரவில்லையா? ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ என்று தட்டிக் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘எரர் -71’ அல்லது ‘எரர் -110’ என்று திரும்பத் திரும்ப வந்தால் அது ட்ரைவர் பிரச்சினையே அல்ல. போர்ட், மின்சாரம், அல்லது டொங்கிள் பழுது. வேறொரு கணினியிலும் அப்படியே என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

5. டொங்கிள் தன்னை சீடி என்று சொல்லுகிறதா?

எண் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் குழம்பாதீர்கள். சில டொங்கிள்கள் விண்டோஸ் ட்ரைவரை உள்ளேயே வைத்திருக்கும். செருகியதும் முதலில் சீடி ட்ரைவாக எழும்பி, பிறகுதான் வைஃபையாக மாறும். மாறாமல் அப்படியே நின்றால் லினக்ஸ் அதைச் சீடியாகவே பார்க்கும்.

கோப்பு முகாமையாளரில் இடப்பக்கம் ஒரு சீடிப் படம் வந்திருந்தால் வலது சொடுக்கி ‘இஜெக்ட்’ கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். பிறகு மீண்டும் எல்எஸ்யூஎஸ்பி தட்டினால் எண் மாறியிருக்கும். எனக்கு 0பிடிஏ:சி811 என்று வந்தது, அதாவது ஆர்ரிஎல்8811சியூ. இந்தப் புது எண்தான் உங்களுக்கு வேண்டியது. பழையதை வெட்டிவிட்டு இதை எழுதுங்கள்.

இஜெக்ட் உதவாவிட்டால் ‘யூஎஸ்பி-மோட்சுவிச்’ என்ற தொகுப்பை மென்பொருள் நிலையத்தில் தேடி நிறுவி, டொங்கிளைக் கழற்றிச் செருகுங்கள்.

6. கேர்னலைப் புதுப்பியுங்கள்

என் பிரச்சினை தீர்ந்தது இங்கேதான்.

லினக்ஸில் ட்ரைவர்கள் பெரும்பாலும் அதன் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே வரும். கேர்னல் பழையது, சிப் புதியது என்றால் ட்ரைவர் இருக்காது. ‘யூநேம் -ஆர்’ (யூ, என், ஏ, எம், இ, ஒரு இடைவெளி, பிறகு -ஆர்) என்று தட்டினால் உங்கள் கேர்னலின் இலக்கம் வரும். மின்ட் 21 இலும் உபுண்டு 22.04 இலும் தொடக்கத்தில் வருவது 5.15. ரியல்டெக்கின் 8811சியூ, 8821சியூ, 8812பியூ, 8822பியூ ஆகிய யூஎஸ்பி சிப்களுக்கான ட்ரைவர் கேர்னலுக்குள் வந்தது 6.2 இல், 2023 பெப்ரவரியில். 5.15 ஐ வைத்துக்கொண்டு நான் மூன்று கிழமை முட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே இல்லாத ஒன்றைத் தேடி.

மின்ட்டில்: புதுப்பிப்பு முகாமையாளரைத் திறந்து, மேலே ‘வியூ’ பட்டியலில் ‘லினக்ஸ் கேர்னல்ஸ்’ போங்கள். 6.8 ஐத் தெரிந்து நிறுவுங்கள். மறுதொடக்கம் செய்யுங்கள். அவ்வளவுதான். உபுண்டு 22.04 இல் ‘சூடோ ஏபிரி இன்ஸ்டோல்’ என்பதற்குப் பிறகு ‘லினக்ஸ்-ஜெனெரிக்-எச்டபிள்யூஇ-22.04’ என்ற தொகுப்பைக் கொடுங்கள். மின்ட் 22, உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்கு 6.8 அல்லது அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கும்.

தரவிறக்கம் சில நூறு எம்பி வரும், ஃபேம்வெயர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) தொகுப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். இடையில் கரண்ட் போனால் சிக்கல் என்பதால், மின்வெட்டு அறிவித்திருக்கும் நேரத்தில் தொடங்காதீர்கள்.

புதுக் கேர்னல் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பழையது அழியாது. கணினி எழும்பும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்தால், சில கணினிகளில் எஸ்கேப்பை அழுத்தினால், ஒரு பட்டியல் வரும். அதில் ‘அட்வான்ஸ்ட்’ என்ற வரிக்குள் பழைய 5.15 இருக்கும். அதைத் தெரிந்து உள்ளே போகலாம். இது தெரியாமல்தான் நான் முழுவதையும் அழித்து மீண்டும் போட்டேன்.

கேர்னல் புதியதாக இருந்தும் வைஃபை எழும்பாவிட்டால் டிஎம்இஎஸ்ஜியில் ‘ஃபேம்வெயர்’ என்ற சொல்லோடு ‘-2’ வருகிறதா என்று பாருங்கள். அந்த இலக்கத்தின் பொருள் கோப்பு இல்லை என்பதுதான். ‘லினக்ஸ்-ஃபேம்வெயர்’ தொகுப்பைப் புதுப்பியுங்கள்.

7. வெளியிலிருந்து ட்ரைவர் போடுவது, கடைசி வழியாக மட்டும்

சில சிப்களுக்கு 6.8 உம் போதாது. ஆர்ரிஎல்8812ஏயூ, 8811ஏயூ, 8821ஏயூ ஆகியவை 2025 இல் வெளியான கேர்னல்களில்தான் உள்ளே வந்தன. 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு வைஃபை அலைவரிசையிலும் ஓடும் மலிவு டொங்கிள்களில் இவை நிறைய. இவற்றுக்கு ஒன்றில் இன்னும் புதிய கேர்னல் வேண்டும், அல்லது ட்ரைவரை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவ வேண்டும்.

கட்டுவதென்றால் முதலில் ‘டிகேஎம்எஸ்’, ‘பில்ட்-எசென்ஷியல்’, உங்கள் கேர்னலுக்குரிய ‘ஹெடர்ஸ்’ ஆகிய மூன்று தொகுப்புகளையும் நிறுவுங்கள். கேர்னல் மாறும்போது ட்ரைவரைத் தானாக மீண்டும் கட்டுவது டிகேஎம்எஸ். அது இல்லாமல் நிறுவினால் இன்று வேலை செய்யும், அடுத்த கேர்னல் புதுப்பிப்பில் வைஃபை காணாமல் போகும்.

மூன்று பொறிகள். பெட்டியோடு வந்த சீடியில் ‘லினக்ஸ்’ என்று ஒரு கோப்புறை இருக்கலாம். அதைத் தொடாதீர்கள். மிகப் பழைய கேர்னலுக்கு எழுதியது. இன்றைய கேர்னலில் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். இரண்டாவது, சிப் பெயரின் கடைசி எழுத்து. யூ என்றால் யூஎஸ்பி, இ என்றால் மடிக்கணினிக்குள் பூட்டும் கார்ட். 8821சிஇ ட்ரைவர் 8821சியூவுக்கு உதவாது; ஒரு எழுத்துத்தானே என்று நான் போட்டுப் பார்த்து அரை ஜிபி வீணாக்கினேன். மூன்றாவது, பாதியில் நின்ற ட்ரைவரை அகற்றாமல் அடுத்ததைப் போடுவது. இரண்டும் ஒரே சிப்புக்காக மோதும். விண்டோஸ் ட்ரைவரை லினக்ஸில் ஓட்டும் பழைய முறையையும் எவராவது சொல்லித் தருவார்கள். அது காலாவதியானது, நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

ட்ரைவர் நிறுவியும் எழும்பாமல், ‘கீ’ நிராகரிக்கப்பட்டதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், காரணம் ‘செக்கியோர் பூட்’. கையொப்பமில்லாத ட்ரைவரைக் கணினி ஏற்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லியிருந்தால், மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். அதில் ‘என்ரோல்’ என்பதைத் தெரிந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரை சில விநாடிதான் நிற்கும், கதிரையை விட்டு எழும்பாதீர்கள். தவறவிட்டால், வீட்டுக் கணினிதானே, பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) செக்கியோர் பூட்டை நிறுத்தலாம். கணினி எழும்பும்போது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோ டெஸ்க்டொப்பில் எஃப்1 அழுத்தினால் பயோஸ் வரும்.

8. வைஃபை எழும்பிவிட்டது, வீட்டு வலையமைப்பு மட்டும் தெரியவில்லை

‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று தட்டுங்கள் (முதற் சொல் ஆர், எஃப், கே, ஐ, எல், எல்). ‘புளொக்ட்’ என்பதற்கு எதிரே ‘யெஸ்’ இருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்புளொக் ஆல்’ என்று தட்டுங்கள்.

அயலில் உள்ள வேறு வைஃபைகள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை என்றால் பிழை ரவுட்டர் பக்கம். மலிவு டொங்கிள் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஓடும். ரவுட்டரின் 5 கிகாஹேர்ட்ஸ் பெயரை அது காணவே காணாது. போனில் தெரிகிறதே என்று வாதாடாதீர்கள், போனில் இரண்டும் உண்டு. இன்னொன்று சனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் ஓடும் இலக்கமிட்ட பகுதி. ரவுட்டர் தானாக 12 அல்லது 13 ஆம் சனலுக்குப் போயிருந்தால் சில டொங்கிள்கள் அதைத் தேடாது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை போனின் பிரவுசரில் திறந்து, சனலை 1, 6, 11 இல் ஒன்றாக நிரந்தரமாக வையுங்கள்.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல் சரி, இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? அதே பக்கத்தில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 என்று மட்டும் வைத்துப் பாருங்கள். டபிள்யூபிஏ3 கலந்த முறையில் பழைய ட்ரைவர்கள் தடுமாறும்.

9. இணைகிறது, இடைக்கிடை அறுகிறது

எனக்குக் கேர்னல் மாற்றிய பிறகு வந்த இரண்டாவது தலையிடி. சூம் வகுப்பு நடுவில் அறுந்தால் பிள்ளைக்கு என்ன கோபம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

முதற் காரணம் மின்சேமிப்பு. கோப்பு முகாமையாளரை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறந்து, ‘இரிசி’ கோப்புறைக்குள் ‘நெட்வேர்க்மனேஜர்’, அதற்குள் ‘கொன்ஃப்.டி’ போங்கள். பெயரில் ‘பவர்சேவ்’ என்று வரும் கோப்பைத் திறந்தால் உள்ளே ‘= 3’ என்று முடியும் வரி இருக்கும். 3 ஐ 2 ஆக மாற்றிச் சேமித்து மறுதொடக்கம் செய்யுங்கள். 2 என்றால் மின்சேமிப்பு இல்லை.

இரண்டாவது, நீல நிற யூஎஸ்பி 3 போர்ட். அதன் வேலை 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சலை உண்டாக்கும். பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடும்போது வைஃபை தளர்ந்தால் இதுதான். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டு வயர். டொங்கிள் கணினியின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால், மேசைக்குக் கீழே, சுவரோரம் இருந்தால் எங்கிருந்து சிக்னல் வரும்? வயரைப் போட்டு மேசைக்கு மேல் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் குசினிப் பக்கம் தகரத் தடுப்பு இருக்கிறது. டொங்கிளை அந்த மறைவிலிருந்து இரண்டடி தள்ளி வைத்ததில் இரண்டு கோடு நான்காகியது. வயரின் விலை 350 ரூபாய். மூன்று கிழமையில் நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அது ஒன்றுதான்.

10. மாற்றி வாங்குவதென்றால்

6 ஆம் படியில் தீராமல், 7 ஆம் படியில் ஒரு நாளுக்கு மேல் போனால் நிறுத்துங்கள். வேறு டொங்கிள் வாங்குவது மலிவு. கடையில் பெயரைக் கேட்காமல் சிப்பைக் கேளுங்கள்: எம்ரி7601யூ, ஆர்ரி5370, ஏஆர்9271. இரண்டு அலைவரிசையும் வேண்டுமென்றால் எம்ரி7610யூ அல்லது எம்ரி7612யூ. வீட்டு ரவுட்டர் 2.4 இல் மட்டும் ஓடுவதாக இருந்தால் இரண்டு அலைவரிசைக்குக் காசு கொடுக்காதீர்கள். சுவர் தாண்டுவதில் 2.4 தான் நல்லது.

கடைக்காரருக்குச் சிப் தெரியாமல் இருப்பது அவரின் பிழை அல்ல, பெட்டியில் எழுதியிருப்பதில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போட்ட யூஎஸ்பி ஸ்டிக் ஒன்றை எடுத்துப் போங்கள். கடைக் கணினியிலோ உங்கள் மடிக்கணினியிலோ அதிலிருந்து எழுப்பி, டொங்கிளைச் செருகி எல்எஸ்யூஎஸ்பி தட்ட ஐந்து நிமிடம் போதும். நிறுவத் தேவையில்லை, கணினியில் உள்ளது எதுவும் அழியாது. விடமாட்டேன் என்றால், ‘லினக்ஸில் ஓடாவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்’ என்று பில்லில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பி நான் திரும்பிப் போனபோது அன்று கடையில் நின்ற தம்பி வேறு. முல்லைத்தீவிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ வவுனியாவுக்குப் போய் வர ஒரு நாள் போகும், அதனால் எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

வேலை செய்ததும் சிப் எண், கேர்னல் இலக்கம், செருகிய போர்ட் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கணினிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அறுந்தால் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.